கடையிலிருந்தே குடோனைப் பார்க்கலாம்: குறைந்த செலவில் வெளிப்புறக் கேமரா



உடையவன் பாராத பயிர் உருப்படாது என்பார்கள். பயிருக்குச் சொன்னது சரக்குக்கும் பொருந்தும். முன்பெல்லாம் நம்மில் பலருக்குக் கடைக்குப் பின்கட்டிலேயே கிட்டங்கி இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடி திரும்பினால் மூட்டை தெரியும். இன்று நிலைமை வேறு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தார்கள். தொழிற்சாலைகள் வர வர, ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் வாடகை ஏறியது. பகலில் லாரி உள்ளே வருவதும் சிரமமாயிற்று. கடை ஊருக்குள்ளும் குடோன் ஊருக்கு வெளியே ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கமும் என்று பிரிந்து போனது. நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் நம் முதல் முழுவதும் ஒரு தகரக் கூரையின் கீழ் கிடக்கிறது.

அங்கே ஒரு கேமரா வைத்து இங்கே கைபேசியில் பார்ப்பது எப்படி, எவ்வளவு செலவாகும், எதில் ஏமாறக்கூடாது என்று உறுப்பினர்கள் பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் பொறியாளன் அல்ல. அரிசி, பருப்பு மொத்த வியாபாரி. ஆனாலும் சில வருடங்களாக இதை வைத்துப் பழகியிருப்பதால், தெரிந்ததை முறையாக எழுதுகிறேன்.

ஒரு கேமரா, ஒரு கேள்வி

உலகத்தின் முதல் இணையக் கேமரா எதைப் பார்ப்பதற்கு வைக்கப்பட்டது தெரியுமா? ஒரு காபிப் பானையை! இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில் 1991-ல் இது நடந்தது. காபி இருந்த அறை ஒரு பக்கம், ஆராய்ச்சியாளர்கள் இருந்த அறைகள் வேறு மாடிகளில். படியேறி வந்து பார்த்தால் பானை காலி. இந்த வீண் நடைக்கு முடிவு கட்ட, பானைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, படத்தைத் தங்கள் கணினிக்கு வரும்படி செய்தார்கள். 1993-ல் அது இணையத்தில் ஏறி, உலகமே அந்தப் பானையைப் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 22-ல் நிறுத்தினார்கள். அந்தக் காபி இயந்திரம் ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் படம் கறுப்பு வெள்ளை. அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி. இன்றைய மலிவான கேமராவோடு ஒப்பிட்டால் தபால்தலை மாதிரி. நிமிடத்துக்கு மூன்று படம் மாறினால் அதிகம். இருந்தும் அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. காரணம், அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: பானையில் காபி இருக்கிறதா, இல்லையா?

நாம் கேமரா வாங்கப் போகும்போது கடைக்காரர் முதலில் எத்தனை மெகாபிக்சல், எத்தனை கேமரா என்று தொடங்குவார். நாம் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. அங்கே எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்:

1. இரவில் ஷட்டர் பூட்டியபடி இருக்கிறதா?
2. லாரி எப்போது வந்தது, எத்தனை மூட்டை இறங்கியது?
3. வந்த ஆள் யார்?
4. மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது?

ஒவ்வொரு கேள்விக்கும் கேமரா நிற்க வேண்டிய இடமும் பார்வையும் வேறு. நாலு கேள்விக்கும் ஒரே கேமரா பதில் சொல்லும் என்று நம்பி உச்சியில் மாட்டினால், எதற்குமே தெளிவான பதில் வராது.

நம் ஊருக்கு இது ஏன் வேண்டும்

கேம்பிரிட்ஜில் கேமரா வைத்த அதே 1991-ஆம் ஆண்டு, மே 21 இரவு, நமது ஸ்ரீபெரும்புதூரில் நாட்டையே உலுக்கிய கொடுமை நடந்தது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியோடு பலர் மாண்டனர். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த புகைப்படக்காரரும் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். அவர் கேமரா மட்டும் சிதையாமல் கிடைத்தது. உள்ளே இருந்த பிலிமில் பதிந்த படங்களே புலனாய்வுக்கு முக்கியத் துப்பாக அமைந்தன. பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லலாம்; படம் ஒன்றைத்தான் சொல்லும். கேமரா என்பது முதலில் ஒரு சாட்சி என்பதை நம் ஊர் மறக்க முடியாது.

இரண்டாவது காரணம் தண்ணீர். இந்தப் பகுதி முழுவதும் ஏரிப் பாசன நாடு. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதையும், அடையாற்றுக் கரையில் நடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையின்போது பல இடங்களில் மின்சாரமும் கைபேசி சிக்னலும் சேர்ந்தே போயின. குடோனில் அடிவரிசை மூட்டை நனைகிறதா என்று பார்க்க, முழங்கால் தண்ணீரில் வண்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் நம்மிலேயே உண்டு. அரை அடி தண்ணீர் என்று முன்கூட்டியே தெரிந்தால், இரண்டு லோடுமேன்களை அனுப்பி அடிவரிசையை மேலே ஏற்றிவிடலாம். ஒரு வரிசை துவரம் பருப்பின் விலையோடு பார்த்தால் கேமராவின் விலை அற்பம்.

மூன்றாவது காரணம், ஆட்களோடு நமக்குள்ள நம்பிக்கை. இதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே, எவ்வளவு உயரத்தில்

சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்கே 1,920 புள்ளி. அறியாத ஒருவரின் முகத்தைச் சந்தேகமின்றி அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. 1,920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல்; அதாவது சுமார் 25 அடி. ஏற்கெனவே தெரிந்த ஆளை இன்னார் என்று கண்டுகொள்ள 125 புள்ளி போதும். அப்போது 50 அடி அகலம் வரை பார்க்கலாம். யாரோ ஒருவர் நடமாடுகிறார் என்று மட்டும் தெரிய 25 புள்ளி போதும். அதற்கு 250 அடி வரை தாங்கும்.

ஆகவே, வந்தவர் முகம் வேண்டுமென்றால் நுழைவாயிலை மட்டும் நெருக்கமாகப் பார்க்கும்படி வையுங்கள். காலி மனை முழுவதையும் காட்டும் கேமராவில் திருடன் தெரிவான். அவன் யார் என்று தெரியாது. 2.8 மி.மீ. லென்ஸ் அகலமாகவும், 6 மி.மீ. லென்ஸ் குறுகலாக ஆனால் பெரிதாகவும் காட்டும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

உயரம் ஒன்பது, பத்து அடி சரி. பதினைந்து அடிக்கு மேலே போனால் முகத்துக்குப் பதில் தலை உச்சிதான் கிடைக்கும். நேர் கிழக்கு, நேர் மேற்கு பார்த்து வைத்தால் காலையிலோ மாலையிலோ சூரியன் கண்ணைக் குருடாக்கிவிடும். முடிந்தவரை வடக்குப் பார்வை நல்லது. கூரை இறவாணத்தின் கீழ் வைத்தால் மழைத்துளியும் வெயிலும் நேரே படாது.

பெட்டியில் ஐ.பி. 66 அல்லது ஐ.பி. 67 என்று போட்டிருக்க வேண்டும். முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது எண் 6 என்றால் பலமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி மூழ்கினாலும் தாங்கும். எம்-சாண்ட் லாரிகள் ஓடும் நம் சாலைகளில் முதல் எண்ணை விட்டுக்கொடுக்காதீர்கள். கேமரா நனையாமல் இருந்தும், ஒயரை இணைத்த முடிச்சில் தண்ணீர் இறங்கிப் பழுதாவது வழக்கம். இணைப்பை மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, ஒயரைக் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றச் சொல்லுங்கள். சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

தண்ணீர் அளவுக்கு ஒரு எளிய வழி: ஏரிக்கரையில் அளவுக்கல் நட்டிருப்பது போல, வாசல் தூணில் அரை அடிக்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயின்டில் போட்டு, எண்ணையும் பெரிதாக எழுதிவிடுங்கள். கேமராவில் அந்தத் தூண் தெரிந்தால் போதும். செலவு ஒரு சிறிய பெயின்ட் டப்பா.

மூன்று வழிகள், மூன்று செலவுகள்

விலைகள் நான் விசாரித்த வரையில் சொல்வது. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

முதல் வழி, வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன். அதில் ஒரு கேமரா செயலியைப் போட்டு, ஜன்னலோரம் நிறுத்தி, சார்ஜரில் மாட்டினால் அதுவே இணையக் கேமரா. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் இரவில் தெரியாது. தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் பேட்டரி வீங்கும் அபாயம் உண்டு. சாக்கு, அட்டைப் பெட்டி பக்கத்தில் வைக்கவே கூடாது. பழகிப் பார்ப்பதற்கு மட்டும் இது.

இரண்டாவது வழி, சிம் போடும் 4ஜி வெளிப்புறக் கேமரா. உள்ளே மெமரி கார்டும் போடலாம். சுமார் 3,500 முதல் 6,000 ரூபாய். சோலார் பலகையோடு வருவதும் இதில் உண்டு. பிராட்பேண்ட் இழுக்க முடியாத ஒதுக்குப்புறக் குடோனுக்கு இதுவே ஏற்றது. ஒன்றைக் கவனியுங்கள்: சோலார், பேட்டரி வகை கேமராக்களில் பெரும்பாலானவை இருபத்துநான்கு மணி நேரமும் பதிவதில்லை. ஆள் நடமாட்டத்தின் உடல் சூட்டை உணர்ந்து விழித்துச் சில விநாடி பதிந்துவிட்டு மறுபடி தூங்கும். ஷட்டருக்குக் காவல் வைக்க இது போதும். மூட்டை எண்ணுவதற்கு ஆகாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் மெயினில் ஓடும் கேமராதான்.

மூன்றாவது வழி, நாலு கேமராவும் பதிவுப் பெட்டியும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்த செட். ஒயர், கூலி உட்பட 15,000 முதல் 20,000 ரூபாய் வரை ஆகிறது. மூட்டை ஏற்றி இறக்கும் இடம் பெரிதாக உள்ளவர்களுக்கு இது. பெட்டியை வாசலருகே மேஜையில் வைக்காதீர்கள். திருடுபவன் முதலில் தூக்குவது அதைத்தான். தூரம் அதிகமென்றால் மெல்லிய மின்சார ஒயரில் 12 வோல்ட் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். இரவில் விளக்கு எரியும்போது கேமரா அணைந்து அணைந்து எரியும். மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் ஒயரில் செல்லும் பி.ஓ.ஈ. வகை வாங்கினால் 100 மீட்டர் வரை கவலையில்லை.

எந்த வழியானாலும் ரசீது போட்டு வாங்குங்கள். 2025 ஏப்ரல் 9 முதல், இணையக் கண்காணிப்புக் கேமராக்கள் மத்திய அரசு விதித்த பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்பது கட்டாயம். பெட்டியில் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு முத்திரையும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பெயரில்லாத மலிவுச் சரக்கு அப்புறம் தலைவலி. முறையான ஜி.எஸ்.டி. பில் இருந்தால், சாதாரண முறையில் வரி செலுத்தும் வணிகர்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு அது கிடையாது.

கரண்ட் போனால்

கேமரா ஒன்று ஏறக்குறைய 5 வாட். ரவுட்டர் வைத்தால் இன்னொரு 5 வாட். இரண்டும் மாதம் முழுவதும் ஓடினால் ஏழு யூனிட் சொச்சம். செலவு பெரிதல்ல. கேள்வி, மின்வெட்டின்போது என்ன ஆகும் என்பதே. கேமராவும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் நேராக ஓடுபவை. ஆகையால் பெரிய இன்வெர்ட்டர் தேவையில்லை. 12 வோல்ட் பேட்டரி உள்ள சிறிய யு.பி.எஸ். போதும். 12 வோல்ட், 7 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. முழுவதையும் உறிஞ்ச முடியாது என்பதால் 10 வாட் சுமைக்கு ஐந்தாறு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 26 ஆம்பியர் பேட்டரி என்றால் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். புயல் காலத்துக்கு அதுவே நல்லது. பேட்டரியையும் ரவுட்டரையும் தரையில் வைக்காமல் ஐந்தடி உயரத்தில் பலகை அடித்து வையுங்கள். வெள்ளத்தைப் பார்க்க வைத்த கருவி வெள்ளத்தில் முதலில் மூழ்கக்கூடாது.

வெட்டவெளியில் இரும்புக் கம்பத்தில் மாட்டினால் எர்த் இணைப்பும் மின்னல் தடுப்பும் கட்டாயம் கேளுங்கள். ஐப்பசி இடியில் ஒரே இரவில் கேமரா, பெட்டி எல்லாம் போய்விடும்.

நெட் எவ்வளவு தின்னும்

2 மெகாபிக்சல் படம், எச்.265 முறையில், விநாடிக்குச் சுமார் 1 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி., ஒரு நாளைக்கு ஏறக்குறைய 11 ஜி.பி. பழைய எச்.264 முறையில் இதைப்போல் இரண்டு மடங்கு வரை ஆகலாம். பயப்பட வேண்டாம். பதிவு குடோனிலேயே மெமரி கார்டில் நடக்கிறது. நாம் பார்க்கும் நேரத்துக்கு மட்டும்தான் சிம்மில் டேட்டா செலவாகும். நாளைக்கு 1.5 ஜி.பி. திட்டத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்க்கலாம். அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கடையில் வியாபாரம் நடக்காது!

128 ஜி.பி. கார்டில் தொடர்ந்து பதிந்தால் பதினொரு நாள் நிற்கும். பிறகு பழையதன்மேல் புதியது பதியும். கார்டு வாங்கும்போது கேமராவுக்கென்று தயாரித்த நீடித்து உழைக்கும் வகையைக் கேளுங்கள். சாதாரணக் கார்டு ஓயாமல் எழுதி அழிப்பதைத் தாங்காமல் சத்தமின்றிச் செத்துவிடும்.

சிக்னல் பலவீனமான இடத்தில் காபிப் பானை முறையே கை கொடுக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் நாளைக்கு 288 படம். ஒன்று 100 கே.பி. என்றாலும் மொத்தம் 30 எம்.பி.க்குள் முடிந்துவிடும். வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்? சிம் வாங்குமுன், நம் கைபேசியோடு குடோனுக்குப் போய், ஷட்டரை மூடிவிட்டு உள்ளே நின்று எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறது என்று பார்த்துவிடுங்கள். தகரம் சிக்னலைத் தின்னும்.

சாவி யாரிடம்?

குடோன் பூட்டின் சாவியைப் பூட்டு விற்றவரிடம் கொடுத்துவிட்டு வருவோமா? கேமரா விஷயத்தில் நம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம். மாட்ட வந்த பையன் தன் கைபேசி எண்ணிலேயே கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லையும் தானே வைத்து, நமக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். நம் குடோனில் சரக்கு எவ்வளவு இருக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுகிறோம் என்பதெல்லாம் யாரோ ஒருவர் கையில்.

சிம் கேமராவின் படம் நேராக நம் போனுக்கு வருவதில்லை. கேமராவும் போனும் கேமரா நிறுவனத்தின் கணினியில் போய்ச் சந்திக்கின்றன. கணக்கும் கடவுச்சொல்லும் தெரிந்த எவரும் எங்கிருந்தும் பார்க்கலாம். 2016 அக்டோபர் 21 அன்று, மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. அது நுழைந்த வழி என்ன? தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. சுமார் அறுபது வழக்கமான சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிட்டது. 2025-ல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் படங்கள் வெளியே விற்கப்பட்ட விவகாரத்திலும், மாற்றாமல் விட்ட கடவுச்சொல்தான் வாசல் திறந்தது.

ஆகவே, கேமரா மாட்டிய அன்றே, மாட்டியவர் எதிரிலேயே: கணக்கு நம் எண்ணில் இருக்க வேண்டும், கடவுச்சொல்லை மாற்றி, கணக்குப் பேரேட்டைப் போல் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும், ஓ.டி.பி. கேட்கும் வசதி இருந்தால் போட வேண்டும். கேமராவின் அடியில் உள்ள குறியீட்டு ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு, வெளியே தெரியாமல் மறைத்துவிட வேண்டும். இவை முடியும்வரை மீதிக் கூலியைக் கொடுக்க வேண்டாம்.

சாட்சியாக நிற்க வேண்டுமானால்

படத்தில் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். பல பெட்டிகள் சீன நேரத்தோடு வருகின்றன. நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. இரவு பத்து மணிக்கு நடந்தது பெட்டியில் நள்ளிரவு பன்னிரண்டரை, மறுநாள் தேதி என்று பதிந்திருந்தால், நாளைக்கு வழக்கில் அதுவே எதிர்த்தரப்புக்குப் பிடி. நேரத்தை இணையத்திலிருந்து தானே சரி செய்துகொள்ளும்படி வையுங்கள்.

திருட்டோ விபத்தோ நடந்தால், பதிவு அழிவதற்குள் அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள். மூலக் கார்டையோ டிஸ்க்கையோ கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் மூலமாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். ஒரு பகுதியில் பதிவைத் தருபவரும் மறுபகுதியில் நிபுணரும் கையெழுத்திடுவார்கள். காவல் நிலையத்திலும் வக்கீலிடமும் முதல் நாளே கேட்டுச் செய்துவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

சாலையைப் பார்க்கும் கேமரா ஒன்று இருந்தால் ஊருக்கும் உதவும். சென்னைக் காவல்துறை 2017-க்குப் பிறகு 'மூன்றாவது கண்' என்ற பெயரில் கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது இதைத்தான்.

எதைப் பார்க்கக்கூடாது

நம் பகுதியில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதிகள் ஏராளம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். நம் கடைகளை வாழவைப்பவர்களே இவர்கள்தான். கேமராவின் பார்வை விடுதி ஜன்னல், பக்கத்து வீட்டு மாடி, குளியலறைப் பக்கம் எதிலும் படக்கூடாது. பெண்களை அந்தரங்கத்தில் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். பல கேமராக்களில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் உடை மாற்றும் இடத்திலும் வேண்டாம். 'இங்கு கேமரா உள்ளது' என்று ஒரு பலகை மாட்டிவிடுங்கள்.

முன்பு சொன்ன நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். கேமரா வைத்தால் லோடுமேன்களும் வாட்ச்மேனும் முதலில் முகம் சுளிப்பார்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார் முதலாளி என்று. அவர்களைக் கூப்பிட்டு, எது தெரிகிறது என்று போனிலேயே காட்டிவிட வேண்டும். எங்கள் குடோனில் ஒருமுறை இருநூறு மூட்டைக்குச் சீட்டு, இருப்பு எண்ணினால் நூற்றுத் தொண்ணூற்றேழு. முன்பென்றால் பழி இறக்கிய நால்வர் மேல்தான் விழுந்திருக்கும். கூலியில் பிடித்தமும் நடந்திருக்கும். பதிவை ஓட்டி ஒவ்வொன்றாக எண்ணினோம். லாரியிலிருந்து இறங்கியதே நூற்றுத் தொண்ணூற்றேழு. விசாரித்தால், வழியில் வேறொரு கடையில் மூன்று மூட்டை கூடுதலாக இறங்கியிருந்தது. சரக்கு திரும்பி வந்தது. பதினெட்டு வருடமாக எங்களிடம் இருக்கும் மேஸ்திரி அன்றிலிருந்து லாரி வந்ததும், "அண்ணாச்சி, கேமரா ஓடுதான்னு ஒரு தடவை பாத்துடுங்க" என்று அவராகவே போன் செய்கிறார். பாதுகாப்பு இரண்டு பக்கமும் என்று தெரிந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

வாரம் பத்து நிமிடம்

மாட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். இரவில் கேமராவின் விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடிமேல் வலை கட்டும். பிறகு இரவெல்லாம் வெள்ளை நூல்தான் தெரியும், எச்சரிக்கை மணியும் சும்மா சும்மா அடிக்கும். ஒரு நாளை நியமித்துக்கொண்டு வாரம் ஒருமுறை இவற்றைப் பாருங்கள்:

1. மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைத்தல்.
2. முந்தின நாள் பதிவு உண்மையிலேயே ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தல்.
3. தேதி, நேரம் சரிபார்த்தல்.
4. மெயினை அணைத்து, பேட்டரியில் ஓடுகிறதா என்று பார்த்தல்.
5. சிம் ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்தல்.

புரட்டாசி முடிவதற்குள் பேட்டரியையும் ஒயர் முடிச்சுகளையும் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டால், அடைமழைக்குத் தயார்.

புயலில் செல்போன் கோபுரமே நின்றுபோனால் படம் வராது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் கடைசியாக வந்த படத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நின்றது, எத்தனை மணிக்கு என்பது நம் கையில் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்கலாம். ஆகையால்தான் கேமரா இருந்தாலும், பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரின் உறவை விட்டுவிடக்கூடாது. கேமரா காட்டும், மூட்டையைத் தூக்கி மேலே வைக்க ஆள்தான் வேண்டும்.

சிறு வணிகர்கள் ஐந்தாறு பேர் ஒரே தெருவில் குடோன் வைத்திருந்தால் தனித்தனியே செலவழிக்க வேண்டாம். தெருமுனைக்கு ஒரு நல்ல கேமரா, ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, ஒரு பெரிய பேட்டரி என்று பொதுவில் போட்டுக்கொண்டு, அவரவர் வாசலுக்கு மட்டும் ஒரு சிறு கேமரா வைத்தால் செலவு பாதியாகும். யார் பார்க்கலாம், பதிவை யார் எடுத்துத் தரலாம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். அப்படி முன்வரும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், ஒரே இடத்தில் விலை பேசி மொத்தமாக வாங்கலாம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.